ஒரு கரண்டி நல்லெண்ணெய் போகும் வழி

ஒரு குழிக்கரண்டி நல்லெண்ணெய் ஏறத்தாழ 30 மில்லி. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு இரண்டரைக் கிலோ எள் வேண்டும் என்பது செக்குக்காரர் கணக்கு. ஆயிரம் எள்மணி சேர்ந்தால் மூன்று கிராம் எடைதான். அப்படியானால் ஆரணியில் ஒரு தறிக்காரர் வீட்டில், ராத்திரிச் சாப்பாடு முடிந்து, தோளில் தேய்க்க எடுத்துவைக்கும் அந்த ஒரு கரண்டிக்குள் 25,000 எள்மணி அடங்கியிருக்கிறது. அவை எந்த வழியாக வந்தன, தோளில் எதுவரை போகின்றன, எந்த இடத்தில் எண்ணெயின் வேலை முடிந்து கையின் வேலை தொடங்குகிறது என்று கூடவே போய்ப் பார்ப்போம். வலிக்கிற உடம்பில் கை வைக்கும் யாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

எள் நம் மண்ணின் மிகப் பழைய பயிர். ஹரப்பாவில் தோண்டியபோது நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கருகிய எள் கிடைத்தது. அதை முதலில் பயிராக்கியது இந்தியத் துணைக்கண்டம்தான் என்று தாவர ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணியைச் சுற்றி நெல்லும் நிலக்கடலையும்தான் பெரும்பயிர். எள்ளுக்கு அவற்றின் இடைவெளியில் கிடைக்கும் நிலம்தான். சம்பா அறுத்த பிறகு மாசிப் பட்டத்தில் விதைத்தால், கொஞ்சம் தண்ணீரிலேயே மூன்று மாதத்துக்குள் அறுவடைக்கு வந்துவிடும். விதை பொடியாக இருப்பதால் மணலோடு கலந்து தூவுவார்கள். இல்லாவிட்டால் ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் வெறிச்சென்றும் முளைக்கும். திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்கள்தான் டி.எம்.வி. 3, டி.எம்.வி. 7 போன்றவை, அந்தப் பெயரில் இருக்கும் முதல் எழுத்தே திண்டிவனத்தைக் குறிப்பது.

அறுவடையில் நேரம் பார்க்கத் தெரிய வேண்டும். அடிக்காய்கள் மஞ்சளாகும்போதே அறுத்துவிட வேண்டும். எல்லாக் காயும் காயட்டும் என்று விட்டால், காய் வெடித்து எள் மண்ணில் கொட்டிப்போகும். அறுத்த செடிகளை நுனி உள்ளேயும் அடி வெளியேயும் இருக்கும்படி வட்டமாக அடுக்கி, மேலே வைக்கோல் போட்டு மூன்று நாள் வைப்பார்கள். அதன் பிறகு வெயிலில் காயவைத்துத் தட்டினால் எள் தானாக உதிரும். சீக்கிரம் அறுத்தால் மணி சப்பை. தாமதித்தால் மணியே இல்லை.

அடுத்த இடம் செக்கு. முன்பு மாடு சுற்றியது, இப்போது பெரும்பாலும் மோட்டார். ஆனாலும் மரச்செக்கில் உலக்கை மெதுவாகத்தான் சுழல வேண்டும். வேகம் கூடினால் சூடு ஏறும், சூடு ஏறினால் எண்ணெயின் வாசனை போகும். ஆட்டும்போது நடுவில் கருப்பட்டி போடுவார்கள். அரைபட்ட எள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டி, எண்ணெய் தனியே பிரிய அது உதவும். பிண்ணாக்கு மாட்டுக்குப் போகும். எண்ணெயை ஓரிரு நாள் வெயிலில் வைத்துக் கசடு அடங்க விட்டு, மேலாக இறுத்து டின்னில் ஊற்றுவார்கள். மற்ற எண்ணெய்களைவிட நல்லெண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காமல் இருப்பதற்குக் காரணம், அதிலுள்ள செசாமின், செசாமோலின் போன்ற பொருள்கள். அந்த டின்னிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து பாட்டிலுக்கு, பாட்டிலிலிருந்து கரண்டிக்கு வந்து சேர்கிறது.

அந்தக் கரண்டி யாருக்காக என்பதை இனி பார்க்க வேண்டும். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. ஆரணியிலும் தேவிகாபுரம் போன்ற சுற்றூர்களிலும் வீட்டுக்குள் குழித்தறி இருக்கும். தறிக்காரர் குழியில் காலைத் தொங்கவிட்டு மிதியை அழுத்துவார். ஒரு கை நாடாக்கயிற்றை இழுக்கும், இன்னொரு கை குறுக்கிழையான ஊடையை அடித்துச் சேர்க்கும். ஒவ்வொரு ஊடைக்கும் இதே மூன்று அசைவு. அங்குலத்துக்கு 50 ஊடை என்று வைத்துக்கொண்டாலும், ஆறு மீட்டர் சேலைக்கு ஏறத்தாழ 12,000 ஊடை. அதாவது ஒரே தோள் 12,000 தடவை இழுக்கிறது. நெஞ்சுக்கு எதிரே, நெய்த துணியைச் சுற்றும் படமரம். அறுந்த இழையைத் தேடிக் கழுத்து குனிந்தே கிடக்கும். தோள்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவிலுள்ள தசை முடிச்சுப்போட்டதுபோல் கெட்டியாகிவிடும். இடுப்பும் முழங்காலும் தனிக் கதை. சேலைக் கணக்கில் கூலி என்பதால், வலிக்கிறது என்று உட்கார்ந்தால் அன்றைய வரும்படி குறையும்.

ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் திண்ணையிலோ கூடத்திலோ பாய் விரிகிறது. எண்ணெயைச் சட்டியில் இளஞ்சூடாக்குகிறார்கள். நாலு மிளகும் கொஞ்சம் சீரகமும் போடுவது வழக்கம். பெரியவர்களுக்கு ஒரு சிட்டிகைக் கற்பூரமும் சேர்ப்பார்கள். குழந்தைக்குக் கற்பூரம் கூடவே கூடாது, அது விஷம். சூடு பார்க்க மணிக்கட்டின் உட்பக்கத்தில் ஒரு சொட்டு. சூடு சுருக்கென்று படாமல் இதமாக இருந்தால் போதும்.

“எங்கங்க, இங்கயா?”

“இன்னும் கீழ… ஆங், அதேதான். மெல்ல அமுக்கு.”

நல்லெண்ணெய் தோலில் விழுந்த கணத்தில் செய்யும் முதல் வேலை, உராய்வைக் குறைப்பது. வறண்ட கையால் அழுத்தி இழுத்தால் தோல் சுருண்டு இழுபடும், முடி பிடுங்கப்படும், கை அடுத்த இடத்துக்கு நகராது. எண்ணெய் இருந்தால் அதே கை கழுத்திலிருந்து தோள் முனைவரை ஒரே சீராகப் போகும்.

அந்த எண்ணெய் எவ்வளவு ஆழம் போகிறது? பழைய ஆயுர்வேத நூல்கள் இதற்குக் கணக்குத் தந்தன. சுசுருதர் நூலுக்கு உரை எழுதிய டல்ஹணர், தேய்க்கும் நேரத்தை மாத்திரைக் கணக்கில் அடுக்குகிறார். 300 மாத்திரை தேய்த்தால் மயிர்க்காலை அடையும், 400இல் தோல், 500இல் ரத்தம், 600இல் தசை, 700இல் கொழுப்பு, 800இல் எலும்பு, 900இல் மஜ்ஜை. ஒரு மாத்திரை கண் இமைக்கும் நேரம். இன்றைய கடிகாரத்தில் 300 மாத்திரை ஏறத்தாழ ஒன்றரை நிமிடம், 900 மாத்திரை ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஆயுர்வேத மருத்துவர்கள் படுக்கும், உட்காரும் ஏழு நிலைகளில் ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் வீதம் 35 நிமிடம் என்று வகுத்துக்கொள்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இன்றைய தோல் ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. தாவர எண்ணெய்கள் தோலின் மேல்படலத்தின் உச்சிப் பகுதியைத் தாண்டுவதில்லை. அந்தப் படலமே உடம்பின் பல இடங்களில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஓரிரு பங்குதான். எள்வயலிலிருந்து செக்கு வழியாக இத்தனை தூரம் வந்த எண்ணெய், தலைமுடியின் கனத்துக்கும் குறைவான ஆழத்தில் நின்றுவிடுகிறது. எலும்புக்குப் போவது எண்ணெய் இல்லை. அதற்கு மேலிருந்து கை கொடுக்கும் அழுத்தம். டல்ஹணரின் கணக்கை இப்படிப் படித்தால் அதன் அருமை புரியும்: ஆழத்துக்கு எட்ட வேண்டுமானால், கை அந்த இடத்தில் அதிக நேரம் நிற்க வேண்டும். எண்ணெய் எட்டும் ஆழத்தில் அந்தக் கணக்கு தவறலாம்; கை நிற்கும் நேரத்தைப் பற்றி அது சொல்வது சரி.

ஆக, மருந்து இரண்டுதான்: அழுத்தமும் நேரமும். இரண்டையும் அளந்து கொடுப்பதற்குச் சித்த மருத்துவம் ஒரு துறையையே வைத்திருக்கிறது. அதற்குப் பெயர் தொக்கணம். முப்பத்திரண்டு புறமருத்துவ முறைகளில் அது ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை. ஒவ்வொன்றும் உடம்புக்கு வேறு வேறு அழுத்தம் தருவது. தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், பாளையங்கோட்டை, சென்னை அரசு சித்த மருத்துவக் கல்லூரிகளும் இதைப் பாடமாகச் சொல்லித்தருகின்றன. உளுந்துத் தைலம், வாதகேசரித் தைலம், சிவப்புக் குக்கில் தைலம் போன்றவை அங்கே பயன்படும். வீட்டில் நம் வசம் இருப்பது நல்லெண்ணெய்தான். இறுக்கம் தளர்த்தும் வேலைக்கு அதுவே போதும்.

அழுத்தம் எவ்வளவு? மெல்ல வருடுவதும் ஆழ அமுக்குவதும் உடம்புக்கு ஒன்றல்ல. மயாமி பல்கலைக்கழகத்தில் தொடுகை ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கிய டிஃப்பனி ஃபீல்டு, லேசான அழுத்தத்தையும் மிதமான அழுத்தத்தையும் ஒப்பிட்டுப் பல ஆய்வுகள் செய்தார். மிதமான அழுத்தத்தில் இதயத் துடிப்பு குறைந்தது. உடம்பை அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்பின் செயல் கூடியது. லேசாகத் தொட்டபோது உடம்பு அமைதியாவதற்குப் பதில் விழித்துக்கொண்டது. குறைமாதக் குழந்தைகளிலும் மிதமான அழுத்தம் பெற்றவர்களுக்கே எடை நன்றாக ஏறியது. 1965இல் மெல்சாக்கும் வாலும் முன்வைத்த வாயில் கோட்பாடு, தேய்த்தால் வலி ஏன் குறைகிறது என்பதற்கு ஒரு விளக்கம் தருகிறது. தொடுகைச் செய்தியும் வலிச் செய்தியும் தண்டுவடத்தின் ஒரே வாசலுக்கு வருகின்றன. தொடுகை பலமாக வந்தால் வலிக்கு வழி குறுகிவிடும்.

அப்படியானால் எவ்வளவு பலம் கொடுத்தாலும் நல்லதுதானா? இதற்குத் தறிக்காரரே பதில் சொல்வார். நெடுக்கிழையான பாவு அளவுக்கு மேல் இறுகினால் இழை அறும். தளர்ந்தால் ஊடை சீராக விழாது. தசைக்கும் இரண்டுக்கும் நடுவிலுள்ள இழுவைதான் வேண்டும். அழுத்தம் எல்லை மீறினால் தசை தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் இறுகும். அதை அடையாளம் காண்பது எளிது: படுத்திருப்பவர் மூச்சைப் பிடிக்கிறார், விரலை மடக்குகிறார், முகத்தைச் சுளிக்கிறார். அந்த நொடியில் கையைத் தளர்த்த வேண்டும். ‘வலிக்குது, ஆனா நல்லாருக்கு’ என்று வாய் சொல்லும் அளவுதான் சரியான அளவு. ‘விடு, விடு’ என்று சொல்லவைக்கும் அளவு தவறு. பொறுத்துக்கொண்டால்தான் குணமாகும் என்று நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவர்கள் எத்தனையோ பேர். மறுநாள் அந்த இடம் கன்றிப்போய் கையைத் தூக்க முடியாமல் போனால், அது நல்ல பிடி இல்லை, காயம்.

சின்னப் பிள்ளையை அப்பா முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வது நம் வீடுகளில் பழைய வழக்கம். பிள்ளைக்கு ஐந்து வயதாக இருக்கும்போது அது நல்ல அழுத்தமே. அதே பிள்ளை பன்னிரண்டு வயதில் முதுகெலும்பின்மேல் ஏறி நின்றால் ஆபத்து. ஏறுபவர் வளர்ந்துகொண்டே போகிறார். முதுகோ தேய்ந்துகொண்டே போகிறது. எந்த வயதிலும் எலும்பின்மேல் நேரே அழுத்தக் கூடாது. எலும்புக்கு இருபக்கமும் உள்ள சதைதான் இடம்.

இனி நேரம். 2002இல் தைவான் ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். தொட்டால் தசையில் கெட்டியாகத் தட்டுப்படும் வலிமுடிச்சின்மேல் எவ்வளவு அழுத்தத்தில் எத்தனை விநாடி வைத்தால் வலி உடனே தணிகிறது என்று பார்த்தார்கள். வலி தொடங்கும் அளவு அழுத்தம் என்றால் 90 விநாடி. அதைவிடப் பலமாக, வலி தாங்கும் எல்லைக்குப் பாதிவழி போகும் அழுத்தம் என்றால் 30 விநாடியே போதும். அழுத்தமும் நேரமும் ஒன்றுக்கொன்று மாற்று என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது. கையில் பலம் குறைவானவரும் நல்ல பிடி கொடுக்கலாம், நேரம் கொடுத்தால்.

மொத்த நேரத்துக்கும் ஆய்வு உண்டு. 2014இல் அமெரிக்காவில் கேரன் ஷெர்மனும் உடன் ஆய்வாளர்களும் நாள்பட்ட கழுத்துவலிக்காரர்கள் 228 பேரை நான்கு வாரம் பார்த்தார்கள். வாரம் இருமுறை அல்லது மும்முறை, ஒவ்வொரு தடவையும் 60 நிமிடம் தேய்த்துவிடப்பட்டவர்களுக்கு நல்ல பலன். 30 நிமிட அமர்வுகள், அதை வாரம் மூன்று தடவை செய்தாலும், ஒன்றுமே செய்யாமல் காத்திருந்தவர்களோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. 2012இல் ஆடம் பெர்ல்மன் குழு முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கு 125 பேரிடம் பார்த்தபோது, வாரம் ஒருமுறை 60 நிமிடம் என்ற அளவே பொருத்தமாக நின்றது.

அறுபது நிமிடம் ஒரு தறிக்காரர் வீட்டில் நடக்கிற காரியமா? வாரம் மூன்று நாள் அவருக்கு யார் அந்த நேரத்தைக் கொடுப்பார்கள்? வீட்டில் கிடைப்பது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் முழு உடம்பையும் மேலோட்டமாகத் தடவுவதைவிட, ஒரே தோளை முழுசாகக் கவனிப்பது நல்லது. பத்து நிமிடத்திலும் தசைக்குள் ஏதோ நடக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. 2012இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இளைஞர்கள் 11 பேரைக் களைத்துப்போகும்வரை உடற்பயிற்சி செய்யவைத்து, ஒரு காலை மட்டும் பத்து நிமிடம் பிடித்துவிட்டார்கள். இரண்டு காலிலிருந்தும் தசைத் துணுக்கை எடுத்துப் பார்த்தபோது, பிடித்துவிட்ட காலில் அழற்சிக்கான சைகைகள் குறைந்திருந்தன. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைப் புதிதாக உருவாக்கும் சைகைகள் கூடியிருந்தன. லாக்டிக் அமிலத்தில் மட்டும் மாற்றமே இல்லை. ‘பிடித்துவிட்டால் தசையிலிருந்து அமிலம் வெளியேறும்’ என்று ஊரெல்லாம் சொல்லிவந்ததற்கு அந்த ஆய்வில் ஆதரவு கிடைக்கவில்லை.

பத்து நிமிடத்தைப் பிரித்துக்கொள்வது இப்படி. முதல் இரண்டு நிமிடம் எண்ணெய் தடவி, உள்ளங்கையால் மெல்ல நீவிவிடுங்கள். கழுத்தின் அடியிலிருந்து தோள் முனைக்கு, மெதுவாக, ஒரு விநாடிக்கு ஓரிரண்டு அங்குலம் போல. நோகும் இடம் இதற்குள் தானே தெரிந்துவிடும். அடுத்த ஐந்து நிமிடம் பிசைவது. தசையைக் கொத்தாகப் பிடித்து, தூக்கி, விடுவது. பிறகு இரண்டு நிமிடம், மிக நோகும் ஓரிடத்தில் கையை ஊன்றி அசையாமல் நிற்பது. கடைசி நிமிடம் திரும்பவும் நீவி விடுவது. கட்டைவிரலால் குத்த வேண்டாம். உள்ளங்கையின் அடிப்பகுதியையோ முழங்கையின் கீழ்ப்புறத்தையோ வைத்து, தோளைத் தளர்த்தி, உடம்பின் எடையை மெல்லச் சாய்த்தால் போதும். பலம் கையிலிருந்து வரக் கூடாது. சாய்வதிலிருந்து வர வேண்டும்.

கை போகக் கூடாத இடங்களும் உண்டு. கழுத்தின் முன்புறமும் பக்கவாட்டும் ரத்தக்குழாய் ஓடும் இடம். அக்குள், தொடை இடுக்கு, முழங்காலுக்குப் பின்குழி ஆகிய இடங்களில் நரம்பும் ரத்தக்குழாயும் தோலுக்கு அருகே இருக்கும். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, கெண்டைக்காலில் வலி என்றால் அங்கே எண்ணெயே வைக்கக் கூடாது. அது ரத்தக்கட்டாக இருக்கலாம், அழுத்தினால் நுரையீரலுக்குப் போகலாம். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு நெடுநேரம் உட்காருபவர்கள் இதை மறக்கக் கூடாது. காய்ச்சல், புதுக்காயம், முறிவு, ரத்தத்தை இளக்கும் மாத்திரை, எலும்பு மெலிவு, மரத்துப்போன சர்க்கரைநோய்க் கால் ஆகிய எதிலும் ஆழமான அழுத்தம் வேண்டாம். கழுத்தைச் சடாரென்று முறித்துச் சத்தம் வரவைப்பது கூடவே கூடாது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. கை மரத்துப்போவது, விரலில் பிடிமானம் குறைவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது ஆகியவை எண்ணெயால் தீராதவை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை.

எண்ணெயின் கடைசி வேலை இன்னும் பாக்கி. தேய்த்துவிட்டு அரைமணி நேரம் விட்டு, சீயக்காயோ பாசிப்பயற்று மாவோ போட்டு வெந்நீரில் குளித்தால், தோலின் மேல் மிச்சமிருந்தது கரைந்து போய்விடும். 25,000 எள்மணியின் சாரத்தில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரோடு சாக்கடைக்குப் போகிறது. வீணாகவில்லை, கை போக வேண்டிய தூரம் போக அது வழிவிட்டது.

அந்தக் கை யாருடையது என்பதைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. 2019-20இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அவர்களில் 70 சதவீதத்துக்கு மேல் பெண்கள். ஆரணியிலும் தார் சுற்றுபவர், பாவு பிணைப்பவர், தறியில் உட்காருபவர் பலர் பெண்கள்தான். ராத்திரி எண்ணெய்ச் சட்டியை எடுத்து வைப்பவரும் பெரும்பாலும் அந்தப் பெண்தான். பகலெல்லாம் ராட்டை சுற்றிய மணிக்கட்டால் அவர் கணவனின் தோளை அமுக்கிவிடுகிறார்; அவர் தோளை அமுக்க யாரும் இல்லை. இளஞ்சூட்டு எண்ணெய், மூச்சைப் பார்த்துக் கொடுக்கும் அழுத்தம், பத்து நிமிடம் ஆகிய மூன்றையும் கற்றுக்கொள்ள ஆண்களுக்கு எந்தத் தடையும் இல்லை. தறிக்காரர் தன் முறை முடிந்ததும் எழுந்து, மிச்ச எண்ணெயை அதே சட்டியில் திரும்பச் சூடாக்கி, ‘நீ படு’ என்று சொல்ல வேண்டும். அந்தப் பத்து நிமிடம் அவளுக்குக் கிடைத்தால்தான் அந்த ஒரு கரண்டி எண்ணெய் முழுசாகப் பயன்பட்டது என்று சொல்வேன்.